எஃப்பிஎஸ், ஹெர்ட்ஸ், மில்லி விநாடி: கேமில் அசைவு சீராக வர ஒரு முழுமையான வழிகாட்டி

"மூலையில் எஃப்பிஎஸ் 200 காட்டுகிறது, ஆனாலும் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது." "144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன், பழையதற்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை." கேம் விளையாடுபவர்கள் கூடும் இடங்களில் இந்த இரண்டு புலம்பல்களும் ஓய்வதே இல்லை. பல நேரங்களில் கம்ப்யூட்டர் மீது தவறு இருக்காது. காசு கொடுத்து வாங்கிய வேகம் செட்டிங்ஸில் எங்கோ முடங்கிக் கிடக்கும். அதைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவருவதுதான் இந்த வழிகாட்டியின் வேலை. முதலில் கொஞ்சம் அடிப்படை, அப்புறம் படிப்படியாகச் செய்ய வேண்டியவை.

இரண்டு வேகங்கள்

கிராஃபிக்ஸ் கார்டு ஒரு விநாடியில் எத்தனை படங்களை வரைந்து முடிக்கிறது என்பது ஃப்ரேம் ரேட், அதாவது எஃப்பிஎஸ். மானிட்டர் ஒரு விநாடியில் எத்தனை முறை தன் திரையைப் புதுப்பிக்கிறது என்பது ரெஃப்ரெஷ் ரேட். அது ஹெர்ட்ஸில் சொல்லப்படும். முதலாவது காட்சிக்குக் காட்சி மாறும். வெறும் சுவரைப் பார்த்து நின்றால் ஏறும், வெடிகுண்டுப் புகை கிளம்பினால் சரியும். இரண்டாவது, நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாதவரை, மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கேம் 200 எஃப்பிஎஸ் ஓடினாலும் விநாடிக்கு 200 முழுப் படங்களை அது காட்டாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 50 எஃப்பிஎஸ் மட்டும் கொடுத்தால் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பலன்.

மில்லி விநாடியில் கணக்குப் போடுங்கள்

எஃப்பிஎஸ் என்ற எண் ஒரு விதத்தில் ஏமாற்றும். 60-லிருந்து 120-க்குப் போவதும் 180-லிருந்து 240-க்குப் போவதும் '60 கூடுதல்' என்று ஒரே மாதிரி தெரிகின்றன. கண்ணும் கையும் உணர்வது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கழியும் நேரத்தை. அதற்கு ஃப்ரேம் டைம் என்று பெயர். 1000-ஐ எஃப்பிஎஸ்ஸால் வகுத்தால் அது மில்லி விநாடியில் கிடைத்துவிடும். 30 எஃப்பிஎஸ் என்றால் 33.3. 60 என்றால் 16.7. 120-க்கு 8.3, 144-க்கு 6.9, 240-க்கு 4.2, 360-க்கு 2.8.

இப்போது கழித்துப் பாருங்கள். 60-லிருந்து 144-க்குத் தாவினால் ஒவ்வொரு படத்திலும் கிட்டத்தட்ட 9.7 மில்லி விநாடி மிச்சம். 144-லிருந்து 240-க்கு 2.8 மட்டும். 240-லிருந்து 360-க்கு 1.4. முதல் தாவலை யார் வேண்டுமானாலும் மௌஸை நகர்த்திய உடனே சொல்லிவிடுவார்கள். அடுத்தடுத்த தாவல்களும் உண்மையானவைதான். ஆனால் அவற்றுக்குக் கொடுக்கும் விலை ஏறும் அளவுக்குப் பலன் ஏறாது.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு அழகான விஷயமும் வெளிவருகிறது. 40 எஃப்பிஎஸ்ஸின் ஃப்ரேம் டைம் 25 மில்லி விநாடி. அது 33.3-க்கும் 16.7-க்கும் சரி நடுவில் நிற்கிறது. கேட்க 30-க்குப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் 40, உணர்வில் 30-க்கும் 60-க்கும் பாதி வழி. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படத்தையும் சரியாக மூன்று முறை காட்டினால் 40 எஃப்பிஎஸ் பிசிறில்லாமல் பொருந்தும். சில கன்சோல் கேம்கள் 120 ஹெர்ட்ஸ் டிவிகளுக்கென்று தனியாக 40 எஃப்பிஎஸ் முறை வைத்திருப்பது இதனால்தான்.

சராசரியும் ஏமாற்றும். ஒரு விநாடியில் 59 படங்கள் தலா 15.25 மில்லி விநாடியில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 100 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் சராசரி என்னவோ 60 எஃப்பிஎஸ்தான். ஆனால் அந்த ஒரு படத்தில் கேம் தடுக்கி விழுந்த மாதிரி இருக்கும். இதைப் பிடிக்கத்தான் '1 சதவீத லோ' என்ற அளவு வந்தது: வந்த படங்களிலேயே மிக மெதுவான நூற்றில் ஒரு பங்கு எப்படி இருந்தன என்று அது சொல்கிறது. சராசரி 140, 1 சதவீத லோ 45 என்று ஓடும் கம்ப்யூட்டரைவிட, சராசரி 100, 1 சதவீத லோ 85 என்று ஓடுவது விளையாட எவ்வளவோ சுகம்.

வேகம் கூடினால் என்ன கிடைக்கிறது

அசைவு வழுக்கிக்கொண்டு போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது தெளிவு. இன்றைய எல்சிடி, ஓஎல்இடி திரைகள் ஒரு படத்தைக் காட்டிவிட்டு அடுத்தது வரும்வரை அதையே அசையாமல் பிடித்து வைத்திருக்கின்றன. நம் கண்ணோ ஓடும் எதிரியைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. கண் நகர, படம் நிற்க, அந்த உருவம் விழித்திரையில் இழுபட்டு மங்குகிறது. விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும் ஒரு பொருள் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும், 120-ல் 8, 240-ல் 4. பிக்சல்கள் கண நேரத்தில் நிறம் மாறும் ஓஎல்இடியாக இருந்தாலும் 60 ஹெர்ட்ஸில் ஓடினால் இந்த 16 பிக்சல் மங்கல் அப்படியே இருக்கும். ஓடும்போதே எதிரியின் தோளையும் துப்பாக்கியையும் பிரித்தறிய முடிகிறது என்பதுதான் போட்டி கேம்களில் உயர் ஹெர்ட்ஸின் பெரிய வரம் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது கைக்கும் திரைக்கும் நடுவில் உள்ள தாமதம். மௌஸ் அசைவு கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் மௌஸ் 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதைச் சொல்கிறது, 125 ஹெர்ட்ஸ் மௌஸ் 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. பிறகு பிராசசர் கேமின் உலகைக் கணக்கிட வேண்டும், கிராஃபிக்ஸ் கார்டு வரைய வேண்டும், மானிட்டர் மேலிருந்து கீழாக வரி வரியாகக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கே 60 ஹெர்ட்ஸில் சுமார் 16 மில்லி விநாடி பிடிக்கும், 240-ல் 4 போதும். எஃப்பிஎஸ் உயர்ந்தால் நடுக் கட்டங்கள் சுருங்குகின்றன, ஹெர்ட்ஸ் உயர்ந்தால் கடைசிக் கட்டம் சுருங்குகிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கூடப் போட்டி கேமில் எஃப்பிஎஸ்ஸை 200-க்கு ஏற்றுவதில் அர்த்தம் இருப்பது இதனால்தான். திரையில் படம் நடுவில் கிழிந்து தெரியும், ஆனால் தெரிவது புத்தம் புதிய தகவலாக இருக்கும்.

'மனிதக் கண் 30-க்கு மேல் பார்க்காது' என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. கண் படம் படமாகப் பார்ப்பதில்லை. சினிமா 24-ல் சீராகத் தெரிகிறதென்றால், கேமரா ஒவ்வொரு படத்திலும் அசைவின் மங்கலையும் சேர்த்தே பதிகிறது; நாமும் சும்மா உட்கார்ந்து பார்க்கிறோம். கேமில் பார்வையைத் திருப்புவது நம் கை. கை திரும்பியும் படம் திரும்பாவிட்டால் உடனே உறைக்கும்.

படி 1: மானிட்டர் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது?

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய்ப் பாருங்கள். 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் அங்கே 60-ல் உட்கார்ந்திருப்பது மிகச் சாதாரணம். வித்தியாசம் தெரியவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பட்டியலில் உயர்ந்த எண்ணே வரவில்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.0 விநாடிக்கு 18 கிகாபிட் வரை கடத்தும். 4கே என்றால் 60 ஹெர்ட்ஸ். எச்டிஎம்ஐ 2.1-ன் உச்சம் 48 கிகாபிட். 4கே 120 தாராளமாக வரும். டிஸ்பிளேபோர்ட் 1.4-ம் 4கே 120-ஐச் சமாளிக்கும். டெஸ்க்டாப்பில் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்க வேண்டும். டிவியில் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் ஒன்றல்ல. ஒன்றிரண்டு மட்டும் 4கே 120 எடுக்கும் டிவிகள் நிறைய உண்டு. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 120 ஹெர்ட்ஸ் வெளியீட்டுக்கான அமைப்பைச் சரிபாருங்கள், பிறகு கேமுக்குள்ளும் அந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். சில கேம்கள் முழுத்திரை முறையில் தங்களுக்கென்று ஒரு ரெஃப்ரெஷ் ரேட்டை வைத்துக்கொள்ளும். அதையும் மறக்க வேண்டாம்.

படி 2: அளந்து பாருங்கள்

எதையும் மாற்றும் முன் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீமிலேயே எஃப்பிஎஸ் காட்டும் வசதி உண்டு, ஆனால் அது போதாது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாடியூனரும், அல்லது இன்டெலின் பிரெசென்ட்மான், அல்லது கேப்ஃப்ரேம்எக்ஸ், இவற்றில் ஒன்றை வைத்து ஃப்ரேம் டைம் வரைபடத்தைப் பாருங்கள். அது தட்டையான கோடாக ஓடினால் நல்லது. ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு எழும்பினால் அதுதான் நீங்கள் உணரும் திக்கல்.

ஒரே இடத்தில், ஒரே பாதையில் நடந்து அளக்க வேண்டும். புதிய கேமிலும் டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகும் முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஷேடர்கள் (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் கார்டு நிரல்கள்) அப்போதுதான் கம்பைல் ஆகும், அதனால் வரும் திக்கல் இரண்டாவது முறை பெரும்பாலும் இருக்காது.

படி 3: தடை பிராசசரிலா, கிராஃபிக்ஸ் கார்டிலா?

எஃப்பிஎஸ்ஸுக்கு எந்த வரம்பும் வைக்காமல் ஓட்டுங்கள். கிராஃபிக்ஸ் கார்டின் உபயோகம் 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் தடை அங்கே. 60, 70 என்று சோம்பிக் கிடந்தால் பிராசசர் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். பிராசசரின் மொத்த உபயோகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள பிராசசரில் ஒன்றே ஒன்று முழுசாக நிரம்பி கேமைத் தடுத்தாலும் மொத்தக் கணக்கில் அதன் பங்கு 6 சதவீதம்தான். சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் குதித்தால் கார்டுதான் தடை. அசையவில்லை என்றால் பிராசசர்.

கார்டு தடையென்றால் ரே டிரேசிங் (ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு வரைவது), நிழல், மூடுபனி போன்றவற்றைக் குறைக்கலாம். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் போன்ற அப்ஸ்கேலிங்கை, அதாவது சிறிய ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதியை, இயக்கலாம். டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டப்படும் படங்களின் தரத்தை) மட்டும் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை அது எஃப்பிஎஸ்ஸை அதிகம் தின்பதில்லை. மெமரியைத் தாண்டினால்தான் மோசமாகத் திக்கும்.

பிராசசர் தடையென்றால் இவை எதுவும் பெரிதாக உதவாது. கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம்வரை காட்சி தெரிய வேண்டும் என்ற அமைப்பு, இவற்றைக் குறைக்க வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேகமான ராம் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவதாக, கேமே ஒரு வரம்பு வைத்திருக்கலாம். கணினியில் எல்டன் ரிங் 60-க்கு மேல் போகாது. சண்டை கேம்கள் பெரும்பாலும் 60-ஐ அடிப்படையாக வைத்தே கட்டப்படுகின்றன, ஏனென்றால் ஒவ்வொரு அடிக்கும் எத்தனை ஃப்ரேம் என்பதே அவற்றின் விதி. ஃப்ரேம் ரேட்டும் கேமின் இயற்பியலும் பின்னிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1999-ல் வந்த குவேக் 3 நல்ல உதாரணம். அதில் அசைவுக் கணக்கு ஒவ்வொரு ஃப்ரேமிலும் முழு எண்ணாக்கப்பட்டதால் 125 எஃப்பிஎஸ்ஸில் ஓட்டினால் கூடுதலாகக் குதிக்க முடிந்தது. விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் 125-லேயே வைத்து விளையாடினார்கள்.

படி 4: இரண்டையும் இணைப்பது

எனக்கு மிக முக்கியமாகப் படும் படி இது. மானிட்டர் ஒரு படத்தைப் பாதி காட்டிக்கொண்டிருக்கும்போது கார்டு அடுத்த படத்தை நீட்டினால், மேல் பாதி பழைய படம், கீழ்ப் பாதி புதிய படம் என்று திரை கிழிந்து தெரியும். இதுதான் டியரிங். இதைத் தடுக்க வந்த பழைய வழி வி-சிங்க்: மானிட்டர் தயாராகும்வரை கார்டைக் காத்திருக்க வைப்பது. கிழிசல் போய்விடும், ஆனால் தாமதம் கூடும். அதோடு 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லி விநாடிக்குள் முடியாமல் 17 ஆனால்கூட அடுத்த சுற்றுவரை நிற்க வேண்டும். முந்தைய படமே 33.3 மில்லி விநாடி திரையில் கிடக்கும்.

தலைகீழாக யோசித்தது விஆர்ஆர், அதாவது வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட். கார்டுக்காக மானிட்டர் காத்திருக்கும். படம் எப்போது முடிகிறதோ அப்போது திரை புதுப்பிக்கப்படும். என்விடியா 2013-ல் ஜி-சிங்க்கை மானிட்டருக்குள் ஒரு தனிச் சில்லுப் பலகை வைத்துக் கொண்டுவந்தது. 2014-ல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா (VESA) அமைப்பு அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்பிளேபோர்ட் தரத்தில் சேர்த்தது; ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன் மேல் எழுந்தது. 2019 ஜனவரியில் என்விடியாவும் அடாப்டிவ்-சிங்க் மானிட்டர்களை ஆதரிக்கத் தொடங்கியது. இப்போது எந்த கார்டு என்ற கவலை பெரும்பாலும் இல்லை. ஒரு மேம்பாட்டை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 240 ஹெர்ட்ஸைவிட நன்றாக வேலை செய்யும் விஆர்ஆரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். 70-க்கும் 110-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் கேமையும் அது சீராகக் காட்டிவிடுகிறது.

அமைக்கும் முறை இப்படி:

முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ்-சிங்க்கை இயக்குங்கள். பிறகு கார்டின் டிரைவர் பேனலில் ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க்கை இயக்குங்கள். என்விடியா கார்டாக இருந்தால் அதே பேனலில் வி-சிங்க்கையும் இயக்கி, கேமுக்குள் வி-சிங்க்கை அணைத்துவிடுங்கள். விஆர்ஆர் இருக்கும்போது வி-சிங்க் எதற்கு என்று தோன்றும். ஃப்ரேம் டைம் திடீரென்று எகிறும் தருணங்களில் மிஞ்சும் கிழிசலை அது பார்த்துக்கொள்ளும். கடைசியாக, எஃப்பிஎஸ்ஸுக்கு மானிட்டரின் உச்சத்தைவிடக் கொஞ்சம் கீழே வரம்பு வையுங்கள். 144 ஹெர்ட்ஸ் என்றால் 141 அல்லது 138. உச்சத்தைத் தொட்டுவிட்டால் விஆர்ஆர் ஒதுங்கிக்கொண்டு வி-சிங்க் அதன் தாமதத்தோடு உள்ளே வந்துவிடும். இந்த ஒரு வரம்பை வைக்காமல் விட்டவர்கள்தான் 'ஜி-சிங்க் போட்டால் கை கனக்கிறது' என்பார்கள்.

வரம்பை எங்கே வைப்பது? கேமுக்குள்ளேயே அந்த வசதி இருந்தால் பெரும்பாலும் அதில்தான் தாமதம் குறைவு. ரிவாடியூனரில் வைத்தால் ஃப்ரேம் டைம் கோடு இன்னும் தட்டையாக வரும். நிதானமான கதை கேமுக்கு நான் ரிவாடியூனரை விரும்புவேன், சுடும் கேமுக்குக் கேமின் சொந்த வரம்பை.

மானிட்டரின் விஆர்ஆர் எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 48 முதல் 144 வரை என்றால், 40 எஃப்பிஎஸ் ஆகும்போது ஒவ்வொரு படத்தையும் இருமுறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டிச் சமாளித்துவிடும். 48 முதல் 75 வரை என்ற குறுகிய எல்லையில் அதற்கு இடமில்லை. 40-ஐ இரட்டித்தால் 80, அது 75-ஐத் தாண்டிவிடுகிறது.

விஆர்ஆர் இல்லாதவர்களுக்கு: போட்டி கேம் என்றால் சிங்க் எல்லாவற்றையும் அணைத்து எஃப்பிஎஸ்ஸை முடிந்தவரை ஏற்றுங்கள். கதை கேம் என்றால் ஹெர்ட்ஸை மீதியில்லாமல் வகுக்கும் எண்ணில் நிறுத்துங்கள். 120-ல் 60 அல்லது 40. 144-ல் 72 அல்லது 48. 60 ஹெர்ட்ஸ் திரையில் 45-க்கும் 55-க்கும் நடுவில் ஆடவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். சில படங்கள் ஒரு சுற்று நிற்கும், சில இரண்டு சுற்று நிற்கும், நடை நொண்டும். செட்டிங்ஸைக் குறைத்து 60-ல் நிறுத்துங்கள், முடியாவிட்டால் 30-ல்.

படி 5: தாமதத்தை இன்னும் குறைப்பது

கார்டு 99 சதவீதத்தில் மூச்சுமுட்டும்போது பிராசசர் தயாரித்த ஃப்ரேம்கள் வரிசையில் காத்திருக்கின்றன. காத்திருக்கும் ஒவ்வொன்றும் உங்கள் பழைய மௌஸ் அசைவைச் சுமக்கிறது. எஃப்பிஎஸ்ஸைக் கொஞ்சம் கீழே வரம்பிட்டுக் கார்டுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தால், எண் குறைந்தும் கை வேகமாக உணரும். என்விடியா 2020-ல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸும், ஏஎம்டியின் ஆன்டி-லேக் 2-ம் இந்த வரிசையைத்தான் சுருக்குகின்றன. கேமில் இருந்தால் யோசிக்காமல் இயக்குங்கள்.

ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு கதை. 2022-ல் டிஎல்எஸ்எஸ் 3-ம், 2023-ல் எஃப்எஸ்ஆர் 3-ம் இதைக் கொண்டுவந்தன. உண்மையாக வரையப்பட்ட இரண்டு படங்களுக்கு நடுவில் ஒன்றை ஊகித்துச் செருகுகிறார்கள். நடுப்படம் செய்ய அடுத்த படம் தயாராகியிருக்க வேண்டும், அதனால் தயாரான படத்தையும் சற்றுப் பிடித்து வைக்கிறார்கள். மீட்டர் 120 காட்டும். கை உணர்வது 60-ஐ, அதுவும் கொஞ்சம் தாமதமான 60-ஐ. ஏற்கெனவே 60, 70 ஓடும் கதை கேமைக் கண்ணுக்கு இன்னும் வழவழப்பாக்க இது அருமையான கருவி. 30-ஐ 60 ஆக்கப் பயன்படுத்தினால் படம் வழுக்கும், கட்டுப்பாடு சேற்றில் சிக்கியது போல் இருக்கும். ஊகித்த படங்களையும் வரைந்த படங்களையும் ஒரே எஃப்பிஎஸ் பட்டையில் சேர்த்து விளம்பரம் செய்வது வாங்குபவருக்கு நியாயமல்ல என்றே நான் கருதுகிறேன். அப்படிப்பட்ட ஒப்பீட்டைப் பார்த்தால் ஃப்ரேம் ஜெனரேஷன் அணைத்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

படி 6: மானிட்டரின் ஓவர்டிரைவ்

240 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கு 4.2 மில்லி விநாடிதான். பிக்சல் நிறம் மாற 8 மில்லி விநாடி எடுத்தால் பழைய படத்தின் நிழல் வால்போலத் தொடரும். பிக்சல் நிறம் மாறுவதை வேகப்படுத்தும் மானிட்டர் அமைப்புதான் ஓவர்டிரைவ். பெட்டியில் போட்டிருக்கும் '1 மில்லி விநாடி' பெரும்பாலும் அதை உச்சத்துக்கு முறுக்கி எடுத்த எண். அந்த உச்சத்தில் ஓட்டினால் உருவங்களைச் சுற்றி வெளிறிய விளிம்புகள் முளைக்கும். பொதுவாக நடு நிலைதான் நன்றாக இருக்கும். அசைவைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட்யுஎஃப்ஓ இணையதளத்தை ஓடவிட்டு ஒவ்வொரு நிலையாக மாற்றிக் கண்ணாலேயே தேர்ந்தெடுங்கள். எல்சிடியில் ஒரு வகையான விஏ பேனல்கள் பலவற்றில் இருண்ட காட்சிகள் இழுபடும். ஓஎல்இடியில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் விஆர்ஆர் இயங்கும்போது எஃப்பிஎஸ் ஏறி இறங்கினால் இருண்ட காட்சிகள் மினுக்கலாம். எஃப்பிஎஸ்ஸை ஒரு வரம்பில் நிலையாக வைத்தால் அது குறையும்.

எந்த விளையாட்டுக்கு எவ்வளவு?

கவுன்டர்-ஸ்டிரைக் 2, வாலரன்ட் போன்றவற்றைப் போட்டி மனதோடு ஆடுபவருக்கு 240 ஹெர்ட்ஸ் நியாயமான இலக்கு. கதை, கார், சாகசம் என்று கலந்து ஆடுபவர் 1440பி-யில் 144 அல்லது 165 ஹெர்ட்ஸும் நல்ல விஆர்ஆரும் எடுத்தால் பல வருடம் தாங்கும். வியூக கேம்களுக்கு 60 போதும், 120 இருந்தால் மேப்பை நகர்த்தும்போது கண்ணுக்கு இதம். உங்கள் கார்டு 80 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் தர முடியாத கேம்களைத்தான் ஆடுகிறீர்கள் என்றால், 360 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் போகும் பணத்தைக் கார்டுக்குத் திருப்புங்கள்.

லேப்டாப்பிலும் போனிலும் இன்னொரு எதிரி சூடு. லேப்டாப்பைச் சார்ஜரில் செருகியே விளையாடுங்கள். மக்ஸ் ஸ்விட்ச் இருந்தால் திரையைத் தனி கிராஃபிக்ஸ் கார்டுடன் நேராக இணைக்கும் முறைக்கு மாற்றுங்கள். போனில் 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தாலும் கேம் அந்த வேகத்தை அனுமதிக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முதல் ஐந்து நிமிட எண்ணை நம்பாமல், அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு ஒருமுறை அளந்து, அப்போது நிலையாக நிற்கும் எஃப்பிஎஸ்ஸுக்குச் சற்றுக் கீழே வரம்பை வையுங்கள்.